விளக்கு எரிகிறது, வண்டி எடுக்கவில்லை

சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் எல்லா விளக்குகளும் எரிகின்றன. ஹார்ன் அடிக்கிறது, ரேடியோ பாடுகிறது, முகப்பு விளக்கின் வெளிச்சம் எதிர்ச்சுவரில் விழுகிறது. இன்ஜின் மட்டும் அசைய மறுக்கிறது. பேட்டரியில் கரண்ட் இல்லையென்றால் விளக்கு எப்படி எரியும்? கரண்ட் இருக்கிறதென்றால் இன்ஜின் ஏன் சுற்றவில்லை? கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு முறையாவது கேட்டுக்கொண்ட கேள்வி இது.

ஹைதராபாத்தின் மேற்கே உள்ள கச்சிபௌலியில் இந்தக் கேள்விக்கு வேலை அதிகம். மென்பொருள் நிறுவனங்களைச் சுற்றி எழுந்த அடுக்ககங்களில் தரைக்குக் கீழே உள்ள வாகன நிறுத்தத்தைச் ‘செல்லார்’ என்பார்கள். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை செய்பவரின் கார் அங்கே நாள்கணக்கில் நிற்கும். வெளிநாட்டுக்குப் போனவரின் கார் மாதக்கணக்கில் நிற்கும். ஓடி ஓடித் தேய்ந்த கார்கள் மட்டுமல்ல, நின்று நின்றே பழுதாகும் கார்களும் செல்லார்களில் உண்டு.

முதல் கேள்வி: சுற்றுகிறதா, இல்லையா?

பெட்ரோல் இன்ஜின் உயிர் பெற நான்கு காரியங்கள் நடக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு விசை அதை முதலில் சுற்றிவிட வேண்டும். உருளைக்குள் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் வர வேண்டும். பிஸ்டன் அந்தக் கலவையை நெருக்க வேண்டும். நெருங்கிய கலவையில் சரியான நொடியில் பொறி விழ வேண்டும். டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. அங்கே நெருக்கப்பட்ட காற்றின் சூடே டீசலைப் பற்றவைத்துவிடும்.

நான்கில் முதலாவதை மற்ற மூன்றிலிருந்து பிரிப்பதுதான் பழுது பார்ப்பதில் முதல் படி. சாவியைத் திருப்பும்போது இன்ஜின் ‘வ்ரூம்’ என்று பிடிக்காவிட்டாலும் ‘கர்ர் கர்ர்’ என்று சுற்றுகிறதா என்று கேட்க வேண்டும். சுற்றினால் பேட்டரியும், இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் (பேச்சுவழக்கில் ‘செல்ஃப்’) தம் வேலையைச் செய்கின்றன. குறை பெரும்பாலும் பெட்ரோலிலோ பொறியிலோ இருக்கும். சுற்றவே இல்லையென்றால் பெட்ரோலைப் பற்றிக் கவலைப்படுவது வீண். மெக்கானிக்குகள் “செல்ஃப் எடுக்கல” என்பதும் “செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல” என்பதும் வெவ்வேறு நோய்கள். தொலைபேசியில் இந்த ஒரு தகவலைச் சரியாகச் சொன்னால் மெக்கானிக் கொண்டுவரும் கருவிப்பையே மாறிவிடும்.

குட்டி மோட்டாரின் துணிச்சல்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்ஜினை மனிதக் கைதான் சுற்றியது. முன்பக்கத் துளையில் ஹேண்டிலைச் செருகிச் சுழற்றுவார்கள். சில நேரம் இன்ஜின் எதிர்த்திசையில் உதைக்க, கை எலும்பு முறியும். நம் ஊர் அம்பாசடர்களிலும் நெடுங்காலம் ஹேண்டில் இருந்தது. மின்மோட்டாரை வைத்துச் சுற்றலாம் என்பது பலருக்கும் தோன்றியதுதான். ஆனால் அவ்வளவு விசை தரும் மோட்டார் இன்ஜின் அளவுக்கே பெரிதாக இருக்குமே என்று கைவிட்டார்கள்.

அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் அதற்கு முன் கடைகளின் கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார் பொருத்தியவர். கல்லா ஒரு கணம் திறந்தால் போதும், மோட்டார் நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை. சில நொடிகளுக்கு மட்டும் என்றால் ஒரு சிறிய மோட்டாரின் மீது அதன் தகுதிக்கு மீறிய சுமையை ஏற்றலாம். அது சூடேறி எரிவதற்குள் வேலை முடிந்துவிடும். இதே எண்ணத்தைக் காருக்குக் கொண்டுவந்தார். 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்கள் இந்த மின் ஸ்டார்ட்டருடன் விற்பனைக்கு வந்தன.

இன்றைய கார்களிலும் அதே துணிச்சல்தான். ஒரே மூச்சில் 10 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது, அடித்த பின் சற்று ஆறவிட வேண்டும் என்று சொல்வதன் காரணமும் அதுவே. சிறிய பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் ஏறக்குறைய 150 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். இரண்டு முகப்பு விளக்குகளும் சேர்ந்து இழுப்பது 10 ஆம்பியர் போலத்தான். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இந்த இரண்டு எண்களின் இடைவெளியில் இருக்கிறது.

வெள்ளைப் பொடியின் கணக்கு

பேட்டரியின் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பேட்டரியிலுள்ள அமிலத்தின் ஆவி உலோகத்தை அரித்து உண்டாக்கும் உப்பு அது. முனைக்கும் அதைக் கவ்வியிருக்கும் கம்பிக்கும் நடுவே அது நுழைந்தால் மின்னோட்டத்துக்குத் தடையாகிறது. அந்தத் தடை 0.05 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய அளவு. வீட்டு மின்கருவி எதிலும் அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

முதலில் விளக்கை மட்டும் போடலாம். 10 ஆம்பியர் அந்தத் தடையைக் கடக்கும்போது அரை வோல்ட் குறையும். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் விளக்குக்கு 12.1 போய்ச் சேரும். ஒளி கொஞ்சம் மங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

இப்போது ஸ்டார்ட்டர். இணைப்பு சுத்தமாக இருந்தால் ஏறக்குறைய 11 வோல்ட்டும் 150 ஆம்பியரும் அதற்குக் கிடைக்கும். அதாவது சுமார் 1,700 வாட். இரண்டு குதிரைத்திறனுக்கு மேல். நடுவே 0.05 ஓம் வந்ததும் மின்னோட்டமே 100 ஆம்பியருக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அப்படி இறங்கிய பிறகும் ஏறத்தாழ 5 வோல்ட் அந்தப் பொடியிலேயே தீர்ந்துபோகிறது. ஸ்டார்ட்டருக்கு எஞ்சுவது 7 வோல்ட்டுக்கும் குறைவு. திறன் 650 வாட் அளவில் நின்றுவிடுகிறது. இன்ஜினைச் சுற்ற அது போதாது.

மேல்தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் அடைப்பு இருந்தால், சொட்டுச் சொட்டாகப் பிடிக்கும்வரை அடைப்பு தெரியாது. முழுக்கத் திறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். விளக்கு சொட்டாகக் குடிக்கிறது, ஸ்டார்ட்டர் மடமடவென்று குடிக்கிறது.

தொலைந்த திறன் எங்கே போயிற்று? இணைப்பிலேயே வெப்பமாக மாறிவிட்டது. மேலே சொன்ன கணக்குப்படி அது ஏறத்தாழ 440 வாட். ஆகவே செல்ஃப் அடித்துப் பார்த்த உடனே பேட்டரி முனையின் கவ்வி சுட்டால், குற்றவாளி அங்கேதான். இதற்குச் செலவில்லை, விரலை மட்டும் மெல்ல, தயங்கித் தயங்கி வைக்க வேண்டும். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் அதன் ஒரு முள்ளைப் பேட்டரியின் ஈய முனையிலும் இன்னொன்றை அதே முனையின் கவ்வியிலும் வைத்துவிட்டு, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லலாம். நல்ல இணைப்பில் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று ஏறினால் கவ்வியைக் கழற்றித் தேய்க்க வேண்டியதுதான். எதிர்முனையை (மைனஸ்) முதலில் கழற்றி, வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவால் கழுவி, கம்பித் தூரிகையால் பளபளப்பாகத் தேய்த்து, மாட்டி இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினால் போதும். புதிய பேட்டரி வாங்கும்போது இந்தக் கவ்விகளையும் தேய்த்துத்தான் மாட்டுவார்கள். பழைய பேட்டரியின் மீது விழுந்த பழியில் பாதி இந்தத் தேய்ப்பால் தீர்ந்திருக்கும் என்பதை அப்போது யாரும் யோசிப்பதில்லை.

பொடியே இல்லாமலும் இதே நோய் வரலாம். வயதான பேட்டரியின் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டியாகப் படிந்து, பேட்டரிக்குள்ளேயே தடை கூடிவிடும். பாடநூல்கள் இதை அகமின்தடை என்கின்றன. இத்தகைய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட் என்று நல்ல பிள்ளையாகக் காட்டும். சுமை ஏறியதும் சரியும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால், அது நலமாக இல்லை என்பது பொதுவான அளவுகோல். ஓய்வு நிலை வோல்ட்டேஜை மட்டும் பார்த்து ‘பேட்டரி நன்றாக இருக்கிறது’ என்று சொல்லும் தீர்ப்பை நம்ப வேண்டியதில்லை.

ஒலியும் ஒளியும் சொல்வது

‘டக் டக் டக் டக்’ என்ற வேகமான தட்டல் பலருக்கும் பழக்கமான ஒலி. ஸ்டார்ட்டருக்கு அவ்வளவு மின்னோட்டத்தைத் திறந்துவிட ஒரு மின்காந்த சுவிட்ச் இருக்கிறது, சோலனாய்டு என்பார்கள். அது மூடியதும் ஸ்டார்ட்டர் மின்னோட்டத்தை உறிஞ்சுகிறது. நலிந்த பேட்டரியின் வோல்ட்டேஜ் உடனே விழுந்துவிடுகிறது. காந்தத்தைப் பிடித்து வைக்கவும் வலு இல்லாமல் சோலனாய்டு விட்டுவிடுகிறது. சுமை போனதும் வோல்ட்டேஜ் மீள்கிறது, காந்தம் மறுபடி இழுக்கிறது. நொடிக்குப் பல முறை இது நடப்பதால்தான் அந்தத் தட்டல். பேட்டரி அடியோடு சாகவில்லை, ஆனால் ஒப்பேற்ற முடியவில்லை என்று பொருள்.

இருட்டான செல்லாரில் இன்னொரு சோதனை எளிது. முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் செல்ஃப் அடித்து, சுவரில் விழும் ஒளியைக் கவனிக்க வேண்டும். ஒளி மிகவும் மங்கினால் பேட்டரி நலிந்திருக்கிறது. சட்டென்று அணைந்தே போனால் இணைப்பைச் சந்தேகிக்கலாம். ஒரே ஒரு ‘டொக்’ ஒலியோடு ஒளி ஓரளவு மங்கினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே இறுகியிருக்கலாம். ஒளி துளியும் மங்காமல், ஒலியும் இல்லாமல் இருந்தால் மின்னோட்டம் ஸ்டார்ட்டரை எட்டவே இல்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் ‘பார்க்’ நிலையில் சரியாக உட்காராதது, புதிய கார்களில் கிளட்சை முழுக்க மிதிக்காதது, ஃபியூஸ், ரிலே என்று இதற்குப் பெரும்பாலும் சின்னக் காரணங்களே இருக்கும். பொத்தான் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில் சாவிக்குள் இருக்கும் வில்லை பேட்டரி தீர்ந்துபோவதும் உண்டு. பெரும்பாலான கார்களில் சாவியையே பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் வண்டி எடுத்துவிடும்.

நாற்பது நாள் நின்ற கார்

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய பொதுமுடக்கம் தொடங்கியது. 21 நாள் என்று அறிவிக்கப்பட்டது முதலில் மே 3 வரை நீட்டிக்கப்பட்டது. அதுவரை மட்டுமே 40 நாள். கச்சிபௌலியின் அலுவலகங்கள் வீடுகளுக்கு இடம் மாற, கார்கள் செல்லார்களில் அப்படியே நின்றன. ஓடாத கார் எதையும் செலவழிக்காது என்றுதான் தோன்றும். ஆனால் பூட்டிய காருக்குள்ளும் திருட்டு எச்சரிக்கை, கடிகாரம், இன்ஜின் கணினியின் நினைவகம், சாவியின் குரலுக்குக் காத்திருக்கும் ஏற்பி ஆகியவை விழித்திருக்கின்றன. இவை எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் இழுப்பதாகக் கொள்ளலாம். சரியாக இயங்கும் காருக்கு இது வழக்கமான அளவுதான்.

ஒரு நாளில் இது 0.72 ஆம்பியர்-மணி. ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி. பேட்டரியின் கொள்ளளவை இந்த அலகில்தான் அதன் மேலேயே அச்சிடுகிறார்கள். சிறிய பெட்ரோல் காரில் 35 என்று இருக்கும். முதல் 21 நாளில் 15 போய்விடும். புதிய பேட்டரியில் 20 மிஞ்சும், வண்டி எடுக்கும். 40 நாளில் 29 போய்விடும். மிஞ்சும் 6-ஐ வைத்துக்கொண்டு எடுக்காது. மூன்று ஆண்டு பழகிய பேட்டரியின் உண்மையான கொள்ளளவு 25-ஆகக் குறைந்திருந்தால், 21-ஆம் நாளிலேயே நிலைமை சந்தேகம். 35-ஆம் நாளில் காலி. ஒரே செல்லாரில், பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு கார்களில் ஒன்று எடுத்து மற்றது எடுக்காமல் போவதற்கு வேறு மர்மம் தேவையில்லை.

இதே அளவையில் ஒரு முறை ஸ்டார்ட் செய்வதன் செலவைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 150 ஆம்பியர், 3 நொடி. ஒரு ஆம்பியர்-மணியில் எட்டில் ஒரு பங்குதான். காரை ஒரு நாள் சும்மா நிறுத்தி வைப்பது, ஐந்து முறை ஸ்டார்ட் செய்வதைவிடப் பேட்டரியை அதிகம் கரைக்கிறது! ஸ்டார்ட் செய்யத் தேவைப்படுவது நிறைய மின்சாரம் அன்று. கொஞ்சம் மின்சாரத்தை ஒரேயடியாகக் கொட்டும் வலு. பாதிக்கு மேல் காலியான பேட்டரி இழப்பது அந்த வலுவைத்தான்.

நின்றபின்னும் பதிவு செய்யும் டேஷ்கேம் மாட்டியவர்களின் கணக்கு இன்னும் மோசம். அது 250 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 6 ஆம்பியர்-மணி. நீண்ட வார இறுதி ஒன்றே பேட்டரியைக் கவிழ்க்கப் போதும்.

தினமும் ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் சரியாகிவிடும் என்ற வழக்கத்தால் பெரிய பயன் இல்லை. நின்றபடி ஓடும் இன்ஜினின் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு 15 ஆம்பியர் தந்தாலும், ஐந்து நிமிடத்தில் சேர்வது ஒன்றேகால் ஆம்பியர்-மணி. அன்றன்றைய கசிவை அது ஈடுகட்டும். முன்பே காலியானதை நிரப்பாது. வாரம் ஒரு முறை வெளிவட்டச் சாலையில் அரைமணி நேரம் ஓட்டிவருவது மேல். மாதக்கணக்கில் ஊரில் இல்லாதவர்கள் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது அதைவிட மேல்.

வெயில் கெடுக்கும், குளிர் காட்டிக்கொடுக்கும்

பேட்டரி குளிரில்தான் சாகும் என்று குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும். தக்காணத்தில் கொலைகாரன் மே மாத வெயில். 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில் பேட்டரிக்குள் நீர் ஆவியாகிறது, தகடுகளின் உள்சட்டம் வேகமாக அரிக்கப்படுகிறது, தானாகக் கசியும் மின்னூட்டமும் கூடுகிறது. இந்தச் சேதம் கோடையில் தெரியாது. சூட்டில் வேதிவினை சுறுசுறுப்பாக இருப்பதால் நலிந்த பேட்டரியும் ஒப்பேற்றிவிடும். டிசம்பர், ஜனவரி காலைகளில் கச்சிபௌலியை ஒட்டிய ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக வளாகம் நகரின் மற்ற இடங்களைவிட நன்றாகவே குளிர்கிறது. அந்தக் குளிரில் வேதிவினை மந்தமாகி, இன்ஜின் ஆயிலும் சற்றுக் கெட்டியாகும்போது மே மாதத்துக் காயம் வெளியே வருகிறது.

ஜம்ப் கேபிளின் வரிசை

இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து கடன் வாங்கும்போது வரிசை முக்கியம். சிவப்புக் கம்பியை முதலில் படுத்த பேட்டரியின் நேர்முனையிலும், பிறகு நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் மாட்ட வேண்டும். கறுப்பு முதலில் நல்ல பேட்டரியின் எதிர்முனைக்கு. அதன் மறுநுனியைப் படுத்த பேட்டரியில் மாட்டாமல், அந்தக் காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். மின்னேறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியாகும். பொறியையும் அந்த வாயுவையும் தள்ளி வைப்பதற்காகவே இந்த ஏற்பாடு. கழற்றும்போது வரிசை தலைகீழ்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது கையால் கியர் மாற்றும் வண்டிகளுக்கு மட்டும்தான். அதிலும் இன்ஜின் கணினியும் பெட்ரோல் பம்பும் இயங்கும் அளவுக்காவது பேட்டரியில் உயிர் இருந்தாக வேண்டும்.

சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

இந்தக் கிளையில் காதுக்கே முதல் வேலை. சாவியைப் பாதி திருப்பியதும் பின் இருக்கைப் பக்கம் இரண்டு மூன்று நொடி மெல்லிய ரீங்காரம் கேட்டால் பெட்ரோல் பம்பு ஓடுகிறது. கேட்காவிட்டால் பம்பின் ஃபியூஸையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். செல்லாரின் சாய்தளத்தில் நிறுத்திய காரில் பெட்ரோல் குறைவாக இருந்தால், அது தொட்டியின் ஒரு மூலைக்கு ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சும். சமதளத்துக்குத் தள்ளினால் சரியாகிவிடும். பங்க்குகளில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் எத்தனால் அதோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

டேஷ்போர்டில் சாவி வடிவ விளக்கு மினுக்கினால், சாவியிலுள்ள சில்லைக் கார் அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியை முயலலாம். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தால் பிளக்குகள் நனைந்துவிட்டன. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், பெரும்பாலான கார்களின் கணினி பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். இன்ஜின் வழக்கத்துக்கு மாறாக, எதிர்ப்பே இல்லாமல் சரசரவென்று சுற்றினால் அதன் டைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். உடனே நிறுத்த வேண்டும். இன்ஜின் ஓடுவதற்கு அவசியமான கிராங்க் சென்சாரின் கம்பியை எலி கடித்துவிட்டாலும் இன்ஜின் சுற்றும், பிடிக்காது. செல்லார் கார்களில் எலியைச் சந்தேகப் பட்டியலின் முன்வரிசையிலேயே வைக்கலாம்.

தொடக்கூடாத வேளை

2020 அக்டோபர் 13 அன்று ஹைதராபாத்தில் ஒரே நாளில் சுமார் 19 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நகரெங்கும் செல்லார்கள் நிரம்பிக் கார்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் யாருக்கும் தோன்றுவது ஒரு முறை செல்ஃப் அடித்துப் பார்க்கலாம் என்பதுதான். இன்ஜினைக் கெடுக்க அந்த ஒரு முறை போதும்.

நான்கு உருளைகள் கொண்ட 1,200 சிசி இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 300 மில்லிலிட்டர். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கு மேல் மிஞ்சும் இடம் 33 மில்லிலிட்டர் அளவில்தான் இருக்கும். காற்று அந்த இடுக்கில் நெருங்கி அடங்கும், தண்ணீர் நெருங்காது. இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகமான தண்ணீர் உருளைக்குள் இருந்தாலே பிஸ்டன் நடுவழியில் சுவரில் மோதியதுபோல் நின்றுவிடும். அதைத் தள்ளும் இணைப்புத் தண்டு வளையும். இன்ஜின் அந்த நேரத்தில் பிடித்து ஓடத் தொடங்கியிருந்தால் தண்டு உடைந்து, இன்ஜினின் உடற்பகுதியையே துளைக்கவும் கூடும். சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்கும் சுத்திகரிப்பு வேலை, இன்ஜினையே மாற்றும் செலவாகிவிடும்.

சென்னை வேளச்சேரிக்காரர்கள் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியதைச் சிலர் கேலி செய்தார்கள். 33 மில்லிலிட்டர் கணக்கைப் பார்த்தால் அது முழுக்க நியாயமான செயல். வழக்கமான விரிவான காப்பீடு தண்ணீர் புகுந்த இன்ஜினின் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதற்கு இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைத் தனியாக வாங்கியிருக்க வேண்டும். கதவின் அடிவிளிம்புக்கு மேல் தண்ணீர் ஏறிய கார் என்றால் சாவியைத் தொடாமல், பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டிக்குச் சொல்லி அனுப்புங்கள்.